இரண்டு அங்குல ரப்பர் குழாய்

என் மகளே,

இதை நீ படிக்கும்போது உனக்கு இருபதோ இருபத்திரண்டோ ஆகியிருக்கும். எழுதுகிற இன்றைக்கு உனக்குப் பதினோரு மாதம். பாயில் குப்புறக் கிடந்து என் பேனா மூடியைக் கேட்டு அடம் பிடிக்கிறாய். நாளை வெள்ளிக்கிழமை உனக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன் வருவாரா மாட்டாரா என்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. வரவில்லை என்றால் அதற்குக் காரணம் நான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவன். பழுது எங்கே, ஏன் வந்தது, யார் கை வைத்தது என்றுதான் என் மண்டை ஓடும். அதே வரிசையில் எழுதுகிறேன், நீயும் அப்படியே படி.

நம் குடும்பத்தில் ஒரு கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. "கலியபெருமாளோட கண்ண நம்ம மாப்பிள்ளதான் காப்பாத்துனாரு" என்று உன் அம்மா பக்கத்து ஆட்கள் கல்யாண வீட்டில், துக்க வீட்டில், பஸ்ஸில் எல்லாம் சொல்கிறார்கள். நீ பெரியவள் ஆவதற்குள் அது இன்னும் பளபளப்பாகிவிடும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு வருஷத்துக்கும் மேலாக என்னிடம் மட்டும் இருந்தது. நேற்று மத்தியானம் வரை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் பேட்டரி கடை. ஒரு சார்ஜர், ஆசிட் பட்டுக் கறுத்த ஒரு மரப் பெஞ்சு, தண்ணீர் டிரம், டிஸ்டில்டு வாட்டர் கேன்கள். அவ்வளவுதான். ஆசிட் ஒரு துளி தெறித்தால் அப்போது ஒன்றும் தெரியாது, துவைத்து உதறும்போது சட்டையில் ஓட்டை விழுந்திருக்கும். "ஒங்க சட்டய தொவச்சு கொடில போடவா, மாவு சலிக்க எடுத்து வச்சுக்கவா?" என்று உன் அம்மா கேட்பாள். சார்ஜரிலிருந்து பேட்டரிகளை மாலை கோத்த மாதிரி ஒன்றோடு ஒன்று இணைத்துத்தான் சார்ஜ் போடுவோம். அப்படிக் கோத்தால் வரிசையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கரண்ட்தான் போகும். இதை மனதில் வைத்துக்கொள். லாரி பேட்டரியும் டிராக்டர் பேட்டரியும் ஆறு ஆம்பியரை அலட்சியமாகத் தாங்கும். மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒரு செங்கல் அளவு. மூன்று அறை, ஆறு வோல்ட். அதற்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குதான் கரண்ட் கொடுக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு ஆம்பியர். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் உள்ளே இருக்கிற தகடு வளையும், ஆசிட் கொதிக்கும், வாயு பொங்கும். இன்னொன்று. லாரி பேட்டரியில் ஒவ்வொரு மூடியிலும் பொடி ஓட்டை இருக்கும், வாயு அதன் வழியே போய்விடும். மோட்டார் சைக்கிள் பேட்டரி மூடியில் ஓட்டை கிடையாது. பக்கத்தில் சின்னதாய் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி வண்டிக்கு அடியில் தொங்கவிட வேண்டும். வாயு வெளியே போக அதை விட்டால் வேறு வழி இல்லை. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு உன் மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். உன் அம்மாவின் அண்ணன் கலியபெருமாள், விக்கிரமங்கலத்துக்காரர், முந்திரிக்கொட்டை வாங்கி விற்கிறவர். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தா.பழூர் வாத்தியார் ஒருவரிடம் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சட்டையெல்லாம் வேர்வை.

"மாப்ள, வண்டி செத்துப்போச்சு. ஒதச்சு ஒதச்சு காலு வுட்டுப்போச்சுய்யா."

"பேட்டரிய எப்ப பாத்தீங்க மச்சான்?"

"அத எதுக்கு பாக்குறது? அது பாட்டுக்கு உள்ள கெடக்கு."

திறந்தேன். தண்ணீர் தகட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. "என்னா தண்ணி ஊத்துனீங்க?"

"நம்ம கெணத்துத் தண்ணிதான். இளநி மாதிரி இருக்கும்."

"நீங்க குடிங்க. பேட்டரிக்கு ஏன் ஊத்துறீங்க? இந்த ஊரு மண்ணுக்கு அடியில பூராவும் சுண்ணாம்புக் கல்லு. அந்தத் தண்ணிய ஊத்துனா தகட்டுல சுண்ணாம்பு அடிச்ச மாதிரிதான். படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?"

"சரி, வுடுய்யா. இப்ப என்னா பண்ணணும்?"

"வச்சுட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."

"நாளைக்கா? பன்னெண்டு மணிக்கு நான் ஜெயங்கொண்டம் தாண்டி தோப்புல நிக்கணும். நான் போகலன்னா கொட்டைய வேற ஆளு அள்ளிட்டுப் போயிடுவான். பெரிய படிப்பு படிச்சிருக்கேங்கிற, ஏதாச்சும் பண்ணு மாப்ள."

முடியாது என்று சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்வேன். அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. பெண்டாட்டியின் அண்ணன் என்பது ஒரு காரணம். அவர் என் படிப்பை இழுத்தது இன்னொரு காரணம். மூன்றாவது, பெரம்பலூரிலிருந்து வந்த ஒரு டிராக்டர் டிரைவர் தன் பேட்டரிக்காக வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். எல்லோரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார வேண்டும் என்று எனக்கு இருந்தது. உன் மாமாவின் செங்கல் பேட்டரியை அந்த டிராக்டர் பேட்டரியோடு சேர்த்துக் கோத்தேன். ஆறு ஆம்பியர். ஒன்றரை மணி நேரம்.

எடுக்கும்போது பேட்டரி கையைச் சுட்டது. சுட்டால் சார்ஜை நிறுத்தி, மூடியைத் தளர்த்தி, முழுக்க ஆறிய பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். நான் ஒரு துணியைச் சுற்றித் தூக்கி, மூடிகளை இறுக்கி, வண்டியில் வைத்து, அதைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டையை இழுத்து முடுக்கினேன். குழாய் எங்கே போகிறது என்று குனிந்து பார்க்கவில்லை. உதைத்தார். முதல் உதையிலேயே வண்டி பிடித்தது.

"மாப்ளன்னா மாப்ளதான்யா!" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விட்டார். நான் பக்கவாட்டு மூடியை எடுக்கக் கடைக்குள் திரும்பினேன். "என்னமோ உஸ்ஸுங்குது மாப்ள" என்று அவர் குனிகிற குரல் கேட்டது. அப்புறம் பாட்டில் மூடி தெறித்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அவர் அலறல்.

ஆசிட் முகத்தில் அடித்திருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வண்டியோடு சாய்ந்துவிட்டார். நான் டிரம்முக்கு ஓடினேன். டிரம் காலி. காலையில் நிரப்ப வேண்டும், நிரப்பவில்லை. ஒரு டிஸ்டில்டு வாட்டர் கேனை உடைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த முந்திரி விற்கும் அஞ்சலை அக்கா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டது.

"தண்ணி ஊத்தாத தம்பி! வெந்து போயிடும்! எண்ண வையி!"

அந்தக் கத்தலை நீ புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் முந்திரிக்கொட்டையின் ஓட்டுப்பால் பட்ட அனுபவம் உண்டு. தோல் கறுத்து உரியும். அதற்கு எண்ணெய்தான் மருந்து, தண்ணீர் ஆகாது என்று பால்குடி மறந்த நாளிலிருந்து கற்றுக்கொண்டவர்கள். உன் மாமா வாழ்க்கை முழுக்க அந்தக் கொட்டையோடு இருந்தவர். கண் எரிகிற அந்த நேரத்திலும் என் கேனைத் தட்டிவிட்டு, "எண்ண குடு, அஞ்சல, எண்ண குடு" என்றுதான் கையை நீட்டினார். அஞ்சலை அக்கா நல்ல எண்ணத்தில்தான் விரலை எண்ணெயில் முக்கியது. எண்ணெய் வைத்தால் ஆசிட் உள்ளேயே நின்று தின்னும். நான் அந்தக் கிண்ணத்தைக் காலால் உதைத்தேன். உன் மாமாவின் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் சாய்த்து, நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்தி, இமையை விரலால் பிரித்து ஊற்றினேன். என்னை அடித்தார். தாயைச் சேர்த்துத் திட்டினார். "கொல்லுறான்யா, எம் மாப்ளயே கொல்லுறான்!" நாலு கேன் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்தது. அப்புறம் டீக்கடை அடிபம்ப் தண்ணீர். பேட்டரிக்கு ஆகாது என்று காலையில் யாரைத் திட்டினேனோ அவர் கண்ணிலேயே அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினேன். அரை மணி நேரம் விடவில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

தண்ணீர் ஊற்றியதால்தான் கண் தப்பித்தது என்று டாக்டர் சொன்னார். அந்த வாக்கியம்தான் குடும்பக் கதை ஆனது. தப்பித்த கண்ணும் முழுசாகத் தப்பிக்கவில்லை. இடது கண்ணில் எண்ணெய்க் காகிதம் வழியே பார்க்கிற மாதிரிதான் அவருக்குத் தெரியும். கொட்டையின் தரம் பார்க்கும்போது அந்தக் கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் பார்ப்பார். நீ பிறந்தபோது உன் முகத்தையும் அப்படித்தான் பார்த்தார்.

உன் அம்மா அப்போது ஆறு மாதம். நீதான் உள்ளே. பஸ்ஸில் வந்து இறங்கி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் முன்னால் நின்று, "எப்பிடிங்க ஆச்சு?" என்றாள். "பாத்துட்டு வரேன்" என்று கடைக்குப் போனேன். வண்டி அப்படியே சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தினேன். நடு அறையின் மூடி தெறித்துப் போயிருந்தது. ரப்பர் குழாய் இரும்புப் பட்டைக்கு அடியில் மாட்டி, அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடந்தது. ஊதிப் பார்த்தேன். காற்று போகவில்லை. சூடான பேட்டரிக்கு இருந்த ஒரே வழியை என் கையாலேயே அடைத்து முடுக்கியிருக்கிறேன்.

இந்த இடத்தை நீ மெதுவாகப் படி. நான் சுற்றிலும் பார்த்தேன். பிளேடை எடுத்தேன். நசுங்கிய இடத்தை, இரண்டு அங்குலம் இருக்கும், வெட்டி பழைய தகடுகளைப் போடும் குழியில் எறிந்தேன். மிச்சக் குழாயை இழுத்து மூக்கில் மாட்டினேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, "பழைய பேட்டரி. கெணத்துத் தண்ணி வேற. கூடு தாங்கல" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் உன் மாமாவிடமும் அதையே சொன்னேன். கட்டுப் போட்ட கண்ணோடு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சுட்டேன் மாப்ள, மனசுல வச்சுக்காத" என்றார்.

பொய் என்னோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கட்டு அவிழ்த்த பிறகு அவர் ஒரு நாள் என்னை ஜெயங்கொண்டம் சந்தைக்குக் கூட்டிப் போனார். அங்கே அந்தத் தா.பழூர் வாத்தியார் காய் வாங்கிக்கொண்டிருந்தார். உன் மாமா நேரே போய் அவர் பையைப் பிடித்து நிறுத்தினார். "வாத்தியாரே, செத்த பேட்டரிய வச்சு வண்டிய என் தலைல கட்டுனீங்களே, எங் கண்ணுக்கு என்னா வெல போட்டீங்க?" சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாத்தியார் மெலிந்த மனிதர். "நான் நல்லதாத்தான்ப்பா குடுத்தேன். நீயே வேணும்னா விசாரிச்சுப் பாரு" என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம் பையைக்கூட வாங்காமல் போய்விட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்தச் சந்தைக்கு வாத்தியார் அதற்குப் பிறகு வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை உன் மாமா புதுப் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "எம் மருமவள வண்டிலதான் ஏத்திக்கிட்டுக் கோயிலுக்கு வருவேன். நீ கை வச்சாத்தான்யா எனக்கு நம்பிக்கை." ஆசிட் ஊற்றி, ஊற விட்டு, தனியாக, ஒரே ஆம்பியரில் போட்டேன். ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் மூன்று அறையும் ஒரே அளவு காட்டும் வரை எடுக்கவில்லை. நேற்று மத்தியானம் அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கம்மலை எப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார், நீ அழுதால் வாயில் போட எத்தனை கல்கண்டு வாங்கியிருக்கிறார், எல்லாம். நான் பேட்டரியை வைத்துக் குழாயை எடுத்தேன். மாட்டக் கை வரவில்லை.

"மச்சான், இதப் பாருங்க."

"என்னாத்தப் பாக்குறது? மாட்டு."

"இந்தக் கொழா அன்னைக்குப் பட்டைக்கு அடியில மாட்டி நசுங்கிக் கெடந்துச்சு. அதனாலதான் தெறிச்சுது. மாட்டுனது நான்."

சிரித்தார். "காதுகுத்து வச்சுக்கிட்டு இப்ப எதுக்குய்யா அது? வுடு."

"இல்ல மச்சான். ஒங்கள ஆஸ்பத்திரில சேத்துட்டு வந்து, நசுங்குன எடத்த வெட்டித் தூக்கிப் போட்டேன். பழைய பேட்டரின்னு சொன்னது பொய்யி."

சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. குழாயைப் பார்த்தார்.

"அப்ப வாத்தியாரு?"

"அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

"சந்தைல நீ என் பக்கத்துலதானய்யா நின்ன?"

"நின்னேன்."

"நின்ன." எழுந்தார். "கொழா நசுங்குறது கைத்தவறு. என் கையாலயும் எத்தனையோ நடந்திருக்கு. பிளேட எடுத்து வெட்டுனியே, அத எந்த ஐ.டி.ஐ.ல சொல்லிக் குடுத்தான்?"

என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். நான் உதவப் போனபோது முழங்கையால் தள்ளினார். அவரே பேட்டரியை வைத்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு, மூக்கிலிருந்து வண்டிக்கு அடிவரை குழாயை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பட்டையை முடுக்கினார். மறுபடி தடவினார். உதைத்து ஏறிக் கிழக்கே போனார். அந்த ரோட்டில் விக்கிரமங்கலத்துக்கும் போகலாம், தா.பழூருக்கும் போகலாம். எங்கே போனார் என்று தெரியவில்லை.

சாயங்காலம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். "எங்க அண்ணன் மடி இல்லாம எம் புள்ள காதுல ஊசி படாது. நாளன்னிக்கு வரலன்னா அடுத்த வருசம். அடுத்த வருசமும் வரலன்னா மூளிக் காதோடயே வளரட்டும்" என்றாள். சோறு போட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், உனக்கே இதற்குள் தெரிந்திருக்கும்.

நீ வண்டி ஓட்டுவாயோ மாட்டாயோ. பெண்பிள்ளைக்கு எதற்கு பேட்டரி பாடம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து பார். டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதே. கழற்றும்போது எர்த் ஒயரை முதலில் கழற்று, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டு. முனைகளில் வாஸ்லைன் தடவு. வண்டி சும்மா நின்றாலும் பேட்டரி சும்மா இருக்காது, இறங்கிக்கொண்டே இருக்கும். மாதம் ஒரு முறை மெதுவாக ஏற்று. கண்ணில் ஆசிட் பட்டால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்; யார் கையைப் பிடித்தாலும் உதறிவிட்டு ஊற்று. பட்டையை முடுக்கும் முன்னால் குனிந்து குழாயைப் பார். இவ்வளவும் எவன் வேண்டுமானாலும் சொல்லித் தருவான். நீ தப்புப் பண்ணினால், பண்ணிய இடத்தை வெட்டி எறியாதே. அப்படியே எடுத்துக்கொண்டு போய் யாருக்குக் காட்ட வேண்டுமோ அவருக்குக் காட்டு. அன்றைக்கே காட்டு. நான் பதினாலு மாதம் தள்ளிப்போட்டேன், அதற்குள் ஒரு மனிதர் சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

இப்போது காலை எட்டு மணி. ஒன்பது மணி பஸ்ஸுக்குத் தா.பழூர் போகிறேன். வாத்தியார் வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டும். அடுத்த சந்தைக்கு அவர் வரச் சம்மதித்தால், அங்கே எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். உன் மாமா நேற்றே அங்கே போயிருந்தால் என் முகத்தில் கதவைச் சாத்துவார்கள். சாத்தினாலும் கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வருவேன்.

நாளை காலை நாம் கோயிலில் காத்திருப்போம். நீ, உன் அம்மா, நான், ஊசியோடு வரும் ஆசாரி. அந்த மடி வந்ததா இல்லையா என்று எழுத நான் இந்தக் காகிதத்தை மறுபடி எடுக்கப் போவதில்லை. உனக்கு அது தேவையும் இல்லை. கையைத் தூக்கி உன் காது மடலைத் தொட்டுப் பார். எனக்கு இன்றைக்குத் தெரியாதது உன் விரலுக்குத் தெரியும். அங்கே துளை இருந்தால், உன் மாமா வந்தார்.

உன் அப்பா